கேட்க ஆளில்லாத ஊர்

"கெய்ரோவுக்குப் போய் என் தங்கச்சியை இழுத்துக்கிட்டு வரேன்" என்று மல்லவி ஊரே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் ஹாஜி ஷஹாத்தா புறப்பட்டார். நாலு வருஷமாக அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. புருஷனை விட்டுவிட்டுத் தலைநகரத்தில் தனியாகக் குடியிருக்கிறவளோடு மரியாதைப்பட்டவர் எப்படிப் பேசுவார்?

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க நாற்காலியில் சரிந்தவர், தங்கை இன்ஷிராஹ் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இதெல்லாம் ஒரு ஊரா? மெட்ரோவுல ஒருத்தன் என் காலை மிதிச்சான். திரும்பிக்கூடப் பாக்கலை."

"கூட்டம் அண்ணே."

"எதிர் வீட்டுல யாரு?"

"ஒரு வயசான அம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாரம் பருப்பு சூப் வெச்சுக் குடுத்தாங்க. பேரு தெரியாது."

"சூப் வாங்கிக் குடிச்சிருக்கே, பேரு தெரியாதா? நம்ம ஊருல பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டுதுன்னு தெரியும்."

"தெரியும்தான். என் புருஷன் என்னை அடிச்சதும் தெரு பூரா தெரியும். அப்ப ஒருத்தரும் வந்து ஏன்னு கேக்கலை. நான் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பின அன்னிக்குத்தான் அத்தனை பேரும் கேக்க வந்தாங்க."

ஹாஜி காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

பிறகு வக்கீல் மாதிரி விசாரணையில் இறங்கினார்.

"வேலை?"

"கண் ஆஸ்பத்திரியில. வர்றவங்களுக்குச் சீட்டு எழுதிக் குடுக்கணும். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன்."

"ஒரு பொம்பளை எட்டு மணிக்கு வந்தா யாரும் கேக்க மாட்டாங்களா?"

"லிஃப்ட் சரியாயிடுச்சான்னு கேப்பாங்க."

"வெள்ளிக்கிழமை?"

"நைல் பாலத்துல நடப்பேன். பசிச்சா குஷரி கடையில உக்காந்து சாப்பிடுவேன்."

"தனியாவா? எவனும் பாக்க மாட்டானா?"

"பாப்பான். அவன் தட்டு வந்ததும் அதைப் பாக்கப் போயிடுவான்."

"தனிப் பொம்பளைக்கு வீடு எவன் குடுத்தான்?"

"மூணு பேர் மாட்டேன்னுட்டாங்க. நாலாவது இந்த வீட்டுக்காரம்மா. மொட்டை மாடியில கோழி வளப்பியான்னு மட்டும் கேட்டாங்க."

"சாயங்காலத்துல படிக்கிற வசதியும் உண்டாமே?"

"கம்ப்யூட்டர், இங்கிலீஷ், தையல். எது வேணும்னாலும்."

"எது வேணும்னாலும்" என்று ஹாஜி ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தார்.

இன்ஷிராஹுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, நீங்க எத்தனை கேள்வி கேட்டாலும் சரி. நான் வரமாட்டேன்."

"நீ வர வேண்டாம்."

அவள் புரியாமல் பார்த்தாள். ஹாஜி எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"கீழே டீக்கடையில ரிஹாப் உக்காந்திருக்கா. பெட்டியோட."

ரிஹாப் அவருடைய ஒரே மகள். இருபத்திரண்டு வயது.

"அவளுக்கு நிச்சயம் ஆனதாக் கேள்விப்பட்டேனே?"

"முறிச்சுட்டா. கடைத்தெருவுல நாலு பேர் பாக்க அந்தப் பையன் அவளைக் கன்னத்துல அறைஞ்சுட்டான். நேரா அவன் வீட்டுக்குப் போய், மோதிரத்தைக் கழட்டி அவங்க அம்மா கையில குடுத்துட்டு வந்துட்டா. மூணு மாசமா ஊருல ஒவ்வொருத்தனும் என்னைக் கேக்கறான், உங்க பொண்ணுகிட்ட என்ன குறைன்னு. அவ ஜன்னலைக்கூடத் திறக்கறதில்லை. ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடறதில்லை." அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "இங்கே உன்கூட இருக்கட்டும் இன்ஷிராஹ். இங்கேதான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களே."

"அவளை ஏன் கீழே விட்டுட்டு வந்தீங்க?"

"நீ என் முகத்துல கதவைச் சாத்தினா, அதை அவ பாக்க வேண்டாமேன்னு."

இன்ஷிராஹ் ஆறு மாடியும் இறங்கினாள். பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ரிஹாப் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் காலியான தட்டு.

"அத்தை, ஒரு மணி நேரமா இங்கேயே இருக்கேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை" என்றாள். பிரமிடைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட அவ்வளவு வியப்போடு சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்ஷிராஹ் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மாலை ரயிலுக்கு ஹாஜி கிளம்பினார். மகளின் தலையில் கை வைத்து, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றார். வழியனுப்ப வாசலுக்கு வந்த தங்கையிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"இவ அலெக்ஸாண்ட்ரியாவுல படிக்கிறான்னு ஊருல சொல்லிக்கறேன். நீ வரமாட்டேன்னு திமிராப் பேசினேன்னும் சொல்லிக்கறேன். உனக்குப் புதுசா கெடறதுக்குப் பேரு ஒண்ணும் இல்லையே."

"சொல்லிக்கோங்க." இன்ஷிராஹ் அவருடைய பையை எடுத்துக் கொடுத்தாள். "அண்ணே, நானும் அடி வாங்கிட்டு வீங்கின கன்னத்தோட உங்க வாசல்ல வந்து நின்னேன். எந்த ஆம்பளைதான் அடிக்கலை, திரும்பிப் போன்னீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஹாஜி, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தங்கச்சி. இவ நான் பெத்த பொண்ணு இல்லையா?"