மீட்டர் கொடுவா

மறுபடியும் பாசிதான்.

கொக்கியில் சுற்றிக்கொண்டு வந்த பச்சைச் சிக்கலை அவள் பிய்த்து எறிந்தாள். உள்ளே விரல் நீள ரப்பர் மீன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. எத்தனை முறை வீசினாலும் அதற்கு அலுப்பில்லை.

"பாசி வந்தா ராடு நுனியத் தூக்குட்டின்னு சொன்னேம்லா?"

பத்தடி பின்னால் நின்று கணவன் சொன்னான்.

அவள் வீசினாள்.

புன்னைக்காயல் முகத்துவாரம். தொடையளவுத் தண்ணீர். விடிந்ததிலிருந்து நிற்கிறாள். பங்குனியின் கடைசி ஞாயிறு. அடுத்த வாரம் காற்று மாறிவிடும். அப்புறம் அடுத்த பங்குனிதான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு மீட்டருக்குக் குறையாத கொடுவா மீன். அவள் வீசி, அவள் மாட்டி, அவள் இழுத்தது. கடித்ததிலிருந்து கைக்கு வரும்வரை வேறொருவர் விரல் தூண்டில் ராடில் பட்டால் அந்த மீன் செல்லாது. தூண்டில் குழுவின் சட்டம் அது. எழுதியவன் ஜெபசிங்.

ஜெபசிங்தான் பத்தடி பின்னால் நிற்கிறான்.

குழுவின் மீட்டர் பட்டியலில் அவன் பெயர் மூன்று முறை இருக்கிறது. மற்றவர்களும் ஆம்பிளைகள்தான். அவள் ஐந்து பங்குனியாக வீசுகிறாள். எண்பது கிடைத்தது. எண்பத்தெட்டு கிடைத்தது. போன வருடம் தொண்ணூற்றேழு. அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்று சென்டிமீட்டருக்காக ஒருத்தி அழுவாளா? அழுதாள்.

"மெதுவாச் சுத்து. பெருசெல்லாம் பொட்டைதாம்ட்டி. அதுக்குச் சோம்பல் சாஸ்தி."

பெரிய கொடுவா எல்லாம் பெட்டை என்பது உண்மை. சோம்பல் அவன் சேர்த்தது.

இன்று அவன் வீசவே இல்லை. துணைக்கு வந்திருக்கிறானாம். தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்பார்களே, அந்த ரகம்.

வீசினாள். ஒன்றுமில்லை.

வீசினாள்.

யாரோ போட்டிருந்த நண்டுக்கூட்டின் கயிற்றில் கொக்கி மாட்டியது. நூலை அறுத்துவிட்டு வேறு ரப்பர் மீன் கட்டினாள். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சை அவள் பதினாறு வருடமாக அறிவாள். அவள் காரை ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதுதான் வரும்.

தோள் இற்று விழுந்தது. கழுத்தில் வெயில் எரிந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டே போக, மடவை மீன் குஞ்சுகள் கரைப்பக்கமிருந்து கூட்டமாகத் துள்ளி வந்தன.

"இடதுபக்கம் போடு. ஏட்டி, இடதுபக்கங்கேன்லா!"

எரிச்சலில் வலதுபக்கம் வீசினாள்.

இரண்டு சுற்று. ஒரு நிறுத்தம்.

அடித்தது.

ராடு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் கத்தியது. முப்பது அடிக்கு அப்பால் நீர் பிளந்து, அகலத் திறந்த வாயோடு அது எழும்பித் தலையை உதறியது. அவள் நுனியைத் தாழ்த்தினாள். கொக்கி கழலவில்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது மீட்டருக்கு மேல்.



ஓட விட்டாள். நிறுத்தினாள். சுற்றினாள். மறுபடி ஓட விட்டாள். அழ வேண்டும் போலவும் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. கைகள் மட்டும் நிதானமாக இருந்தன. இருபது அடி. பத்து அடி. மீன் நண்டுக்கூட்டுக் கயிற்றைப் பார்த்துத் திரும்பியது. அவள் அதைக் கண்டாள். ராடை எதிர்ப்பக்கம் சாய்த்தாள். தலை திரும்பத் தொடங்கியது.

பின்னால் சளப் சளப்பென்று சத்தம். மணலில் திருக்கை மீன் கிடக்கும், காலைத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவன் காலைத் தூக்கித் தூக்கி ஓடிவந்தான்.

"கயித்துக்குப் போவுது! வுடுட்டி, நான் பாத்துக்கிடுதேன்!"

ராடு அவன் கையில் இருந்தது.

அவள் கொடுக்கவில்லை. அவன் எடுத்துக்கொண்டான்.

மீன் வந்தது. வராமல் என்ன செய்யும்? அவள் ஏற்கெனவே அதைக் களைக்க வைத்திருந்தாள். அவன் தாடையைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, அளவு நாடாவை வைத்தான்.

"நூத்தி ஆறு! ஏட்டி, நூத்தி ஆறு! ஒன் மீனு! இந்தா பிடி, போட்டோ எடுக்கேன்."

அவள் அசையாமல் நின்றாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். தண்ணீருக்கு நடுவே கேட்க யாருமில்லை.

"நான் தொட்டது யாருக்குட்டி தெரியப்போவுது?"

அவள் மீனை வாங்கினாள். கனத்தது. வயிறு முட்டச் சினை. அவன் ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன் திரையைச் சட்டையில் துடைத்தான்.

அவள் குனிந்தாள். நீரோட்டத்துக்கு எதிராக மீனின் முகத்தைத் திருப்பிப் பிடித்தாள். செவுள் திறந்தது, மூடியது. வாய் அவள் கட்டைவிரலை இறுக்கிக் கவ்வியது.

"ஏய், ஏய், இன்னும் எடுக்கல..."

விரலை விடுவித்தாள். வால் அவள் முழங்காலில் ஓர் அடி கொடுத்துவிட்டுப் போனது.

அவன் தண்ணீரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். போனை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை நீட்டினாள்.

"ராடக் குடுங்க."

கொடுத்தான். ரப்பர் மீனின் வால் பாதி கிழிந்திருந்தது. அவள் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொக்கியில் ஏற்றினாள். தண்ணீர் இன்னும் அரைமணி நேரம் வற்றும்.

"நான் எங்கட்டி நிக்க?"

"கரையில."

அவன் கரையேறும்வரை அவள் வீசவில்லை.