‘விடுதலை’க்குள் மாட்டிய கை

“சுதந்திர மலாயாவில் இனி எவரும் எதற்குள்ளும் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை” என்று அடைக்கப்பச் செட்டியார் முழங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. இப்போது அவருடைய வலது கை, ‘விடுதலை’ என்ற சிமெண்டுச் சிலையின் வயிற்றுத் துளைக்குள் மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டிருந்தது.

சிலையைச் செய்தவன் ஜெயபாலன். எட்டு மாத உழைப்பு. காஜா பெராங்கில் வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன பழைய பங்களாவைச் செட்டியார் வாங்கி, நவீனக் கலைக் கண்காட்சி வைத்திருந்தார். எல்லோரும் உள்ளே ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியபோது இந்தக் கோலம்.

“எப்படி மாட்டுச்சுங்க ஐயா?”

“கலையைத் தொட்டு உணரணும் தம்பி. உள்ள என்ன தத்துவம் வச்சிருக்கேன்னு பார்த்தேன்.”

“விரலைக் குவிச்சு இழுங்க. உள்ள போன கை வெளிய வரணுமே?”

“குவிச்சுத்தான்யா இருக்கேன். எனக்கே சொல்லித் தர்றியா?”

மனைவி அலமேலு ஆச்சி நல்லெண்ணெயை ஊற்றினார். “இருபது நாளா ஒரு வேளை ரசஞ்சோறு. மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்குக் காவடி எடுக்கப்போற உடம்பு. விருந்து மேசைப் பக்கம்கூடத் திரும்பலை மனுஷர். அவருக்கா இந்தச் சோதனை?”

கூட்டம் உச்சுக் கொட்டியது. பங்களாப் பூனை மட்டும் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து உரசிக்கொண்டிருந்தது.

கண்காட்சிச் செயலாளர் கலியாணசுந்தரம் ஓடி வந்தார். “பெரிய அதிகாரியோட காடி தெரு முனைக்கு வந்துருச்சாம். சிலையோட போயா மாலை போடுவீங்க? உடைச்சிரலாம்.”

“உடைங்க” என்றார் செட்டியார். “சிமெண்டுதானே, தம்பி வேற செஞ்சுக்குவாப்ல.”

தடுத்தால் செட்டியாரின் தயவு போகும். தடுக்காவிட்டால் சிலை போகும். ஜெயபாலன் ஒரு கணம் பூனையைப் பார்த்தான். பிறகு தோட்டக்காரர் கொண்டுவந்த சுத்தியலைத் தானே வாங்கிக்கொண்டான்.

“நானே உடைக்கிறேங்க. பார்த்தா மனசு வராது, கண்ணை மூடிக்கிட்டு ஒரே போடு. உள்ள விரல் எங்க இருக்குன்னு தெரியல. ஒண்ணு ரெண்டு போனா மன்னிச்சுக்குங்க.”

சுத்தியல் அவன் தலைக்கு மேலே போவதற்குள் கை வெளியே வந்துவிட்டது. ஒரு கீறல்கூட இல்லை.

“அரோகரா” என்றது கூட்டம். ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எல்லாம் விரதத்தோட மகிமை” என்றார் செட்டியார், கையைத் துண்டால் அழுத்தித் துடைத்தபடி.

பூனை ஒரே தாவலில் ஏறித் துளைக்குள் தலையை விட்டது. வெளியே எடுத்தபோது, அதன் வாயில் பாதி தின்ற கோழிக்கால் இருந்தது.