அடித்தகட்டில் ஓட்டை

அன்று படகுக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர்தான்: எங்கள் பெரியவர், அவருடைய தங்கை, தங்கையின் கணவர், வெல்டர். ஐந்தாவதாக நானும் இருந்தேன் என்று எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரியவர் திருப்புளியால் படகின் அடித்தகட்டைக் குத்தினார். அலுமினியம் நனைந்த அட்டை போல வழிவிட்டது. வெள்ளைப் பொடி அவர் செருப்பின்மேல் உதிர்ந்தது.

"மாப்பிள்ள, இதுக்குப் பேரு பராமரிப்பா? முப்பது வருஷமா நம்ம படகுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறினதில்ல. நீங்க வந்து மூணே வருஷம், சல்லடையாக்கிட்டீங்க."

மாப்பிள்ளை குனிந்து, உதிர்ந்த பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். முதுகு வளைந்து நிற்கும் மனிதர். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் நிற்பதில்லை. பேனா பிடித்த கையில் படகை ஒப்படைத்தது தங்கையின் முகத்துக்காகத்தான்.

"அண்ணே, அவர் மாசாமாசம் அடியில போய்ப் பார்க்கத்தானே செய்றாரு?"

"என்னத்தைப் பார்த்தாரு? இந்தத் துறையில என் படகு மாதிரி பளபளப்பா வேற எது நிக்குது? ஒரு கறை, ஒரு சொறி கண்ணுல பட்டா விட்டுவைப்பேனா நான்? அந்தப் பளபளப்புக்கு உள்ள இவர் பண்ணின லட்சணம் இது!"

பிறகு வெல்டர் பக்கம் திரும்பினார். "காரணத்தைக் கண்டுபிடிங்க. எவன் கைவேலையோ, அவன் இனி இந்த வாசப்படி தாண்டக் கூடாது. கொட்டகைச் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"யாரா இருந்தாலுமாண்ணே?"

"யாரா இருந்தாலும். நாம சொன்னா சொன்னதுதான்."

தங்கையின் முகம் வெளுத்தது. அந்தச் சாவி போனால் புருஷனும் பெண்டாட்டியும் பிழைக்க வேறு ஊர்தான் தேட வேண்டும்.

வெல்டர் படகுக்கு அடியில் ஊர்ந்து போய்ச் சுரண்டினார். "ஐயா, இந்தத் துத்தநாகக் கட்டிங்களைப் பாருங்க. உப்புத் தண்ணி முதல்ல இதைத்தான் தின்னணும், அப்பதான் தகடு தப்பிக்கும். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், அதுதான் இதோட வேலை. இதுமேல போய் யாரோ மூணு கோட்டு வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்காங்க. கட்டி புதுசாவே இருக்கு, தகடு போயிடுச்சு!"

"எந்த முட்டாப்பய..." என்று தொடங்கிய பெரியவர் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

மாப்பிள்ளை முன்னால் வந்தார். "நான்தான் மச்சான். தெரியாம அடிச்சிட்டேன்." சாவியை நீட்டினார்.

பெரியவர் அதை வாங்கவில்லை.

அரித்த இடங்களை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். புதுக் கட்டிகள் பூச்சில்லாமல் ஏறின. சாவி இன்றும் மாப்பிள்ளையின் இடுப்பில்தான் இருக்கிறது. பெரியவர் தினமும் வருகிறார். வாசப்படிக்கு வெளியே நின்று, அங்கிருந்தே எல்லோரையும் திட்டிவிட்டுப் போகிறார்.

மூட்டு வலியால் அவரால் படி ஏற முடிவதில்லை என்று துறையில் ஒரு பேச்சு. துறையில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவர் மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளை அடித்தது அவர்.