ஏற முடியாத கேட்

"இந்தக் கேட்டை மட்டும் ஒருத்தன் ஏறிக் குதிச்சுட்டான்னா, பட்டறையை உங்க பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன் சார்!"

இரும்பு கேட் செய்து விற்கும் கேட்காரர் தன் பட்டறையை எழுதி வைப்பது அந்த வாரத்தில் மூன்றாவது முறை. எதிரே உட்கார்ந்திருந்த பில்டர் அசையவில்லை. வீடு கட்டி விற்கிற மனிதர்; இதைவிடப் பெரிய சொத்தையெல்லாம் வாயாலேயே எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறார்.

"உங்க பட்டறை எனக்கெதுக்கு? எனக்கு வேண்டியது நாப்பது வீட்டுக்கு நாப்பது கேட். பக்கத்துத் தெரு பட்டறைக்காரர் உங்களைவிடக் குறைச்சுத் தரேங்கறார்."

"தருவார் சார். ஏறி வர்ற திருடனுக்குக் கால் வலிக்கக் கூடாதுன்னு குறுக்குக் கம்பியெல்லாம் ஏணி மாதிரி வெச்சுத் தருவார்!"

பில்டர் சிரித்துவிட்டார். ஆள் சிரித்தால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது கேட்காரரின் அனுபவம். மீதிப் பாதிதான் பாக்கி. இந்த நாற்பதும் கிடைத்தால் பட்டறைக்கு ஒன்றரை வருஷம் வேலை. கிடைக்காவிட்டால், உள்ளே கம்பி அறுத்துக்கொண்டிருக்கும் மூன்று பேரையும் அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

பட்டறை வாசலிலேயே மாதிரிக்கு ஒரு கேட் மாட்டியிருந்தது. பில்டரை அங்கே அழைத்துப்போனார்.

"ஏழடி உயரம். எல்லாம் நேர்க்கம்பி, கால் வைக்க இடமே கிடையாது. மதில் மேல முள்ளு. கேட் மேல இந்தக் குழாய், பிடிச்சா உருளும்."

ஒரு குச்சியால் தட்டினார். குழாய் சுற்றிச் சுற்றி நின்றது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஏறிப் பார்த்தது யாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் கேட்காரர் காலையிலிருந்து காத்திருந்தார்.

"நான்தான்! தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து, நான் ஏறிப் பார்க்காம ஒரு கேட்டும் இந்த வாசலைத் தாண்டினதில்லை. என்னால ஏற முடிஞ்சா மறுபடி பிரிச்சு வேலை செய்வேன். ஆரம்பத்துல பத்துக்கு எட்டைக் குரங்கு மாதிரி தாண்டிடுவேன் சார். அப்புறம் கை திருந்துச்சு, வேலை படிஞ்சுது. இந்த ஆறு வருஷமா நான் செஞ்ச ஒரு கேட்டைக்கூட என்னாலேயே ஏற முடியலை!"

"யாருக்குக் காது குத்தறீங்க?"

"என் சம்சாரத்து மேல சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேண்டாம். ஏறுங்க."

கேட்காரர் கேட்டைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதல் தடவை கால் வழுக்கியது. இரண்டாம் தடவை எம்பிக் குழாயைப் பிடித்தார். அது உருண்டு அவரைத் தரையில் விட்டது. மூன்றாம் தடவை ஒரு சாண் ஏறி, இரண்டு சாண் சறுக்கி, மண்ணில் உட்கார்ந்தார். முகத்தில் தோற்றவன் களையே இல்லை. முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி பல்லெல்லாம் தெரிந்தது.

பில்டர் லேசில் மசிகிறவரா? "தள்ளுங்க" என்று அவரே செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். தொங்கியதோடு சரி. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் கேட்டைத் தாண்டி வெளியே போய் விழுந்தது.

"கெட்டிக்காரர்யா நீங்க!" என்றார், மனசார.

இருவரும் ஆபீஸ் அறைக்குத் திரும்பினார்கள். பில்டர் ஒப்பந்தத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "விலையைக் கொஞ்சம் இறக்குங்க."

"ஏறவும் கூடாது, இறக்கவும் சொல்றீங்க. ஒரு கேட்டுக்கு எவ்வளவு சார் தாங்கும்?"

பில்டர் இரண்டாம் முறை சிரித்த நேரத்தில், மேஜை மேல் டொக்கென்று ஒரு டிபன் கேரியர் உட்கார்ந்தது.

"மணி ரெண்டாச்சு. சாப்பிட்டுட்டுப் பேசுங்க."

"என் சம்சாரம் சார்" என்றார் கேட்காரர் பெருமையாக.

பில்டரின் பேனா நின்றது. "எப்படிம்மா உள்ள வந்தீங்க? கேட் பூட்டியிருக்கு. சாவி இவர் பையில இருக்கு."

"வழக்கமா வர்ற மாதிரிதான். எந்தக் கேட்டை ஏறிப் பார்த்தாலும் பூட்டினதைத் திறக்க மறந்துடுவார். மெஷின் சத்தத்துல கூப்பிட்டாலும் கேக்காது. கேரியரைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஏறிக் குதிச்சுடுவேன்."

"இந்தக் கேட்டையா?"

"இதையும், இதுக்கு முன்னாடி மாட்டினது எல்லாத்தையும்தான். ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டிருக்கிற கீல் ரெண்டும் ரெண்டு படி. தூணைப் பிடிச்சா முடிஞ்சுது. கீலைத் தூணுக்குள்ள பதிச்சு வையுங்க, தூண் மேலயும் முள்ளு வையுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். யார் கேக்கறா?"

நாற்பது கேட்டும் வரிசையாகப் பக்கத்துத் தெருவுக்கு நடந்து போவது கேட்காரரின் கண்ணுக்குத் தெரிந்தது.

பில்டர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு ஒப்பந்தத்தின் ஓரத்தில் எழுதி, உரக்கப் படித்தார்: "'கீல் தூணுக்குள்ளே. தூண் மேலும் முள். ஒவ்வொரு கேட்டையும் இந்த அம்மா ஏறிப் பார்த்து, முடியவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.' சம்மதமா?"

"எனக்குக் கூலி தனியா."

"தரேன்" என்று கையெழுத்துப் போட்டார். கேட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது சரிம்மா, ஒண்ணு மட்டும் புரியலை. இவ்வளவு சுலபமான கேட்டை எங்க ரெண்டு பேராலயும் ஏன் ஏற முடியலை?"

அந்தம்மா கேரியரின் ஆறாவது அடுக்கைக் கழற்றி வைத்தாள்.

"ஆறு வருஷமா இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காம இவர் நூத்திப் பதினெட்டு கிலோ ஆயிட்டார், நீங்க இவரைவிட ஒரு சுத்துப் பெரிசு சார்."