வெண்கலம் போட்ட சத்தம்

"நாம ஊர் சுத்தப் போறோமா, சாகப் போறோமா?"

வெண்கலம் போட்ட சத்தத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கையிலிருந்த டீயைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான்.

"அதுக்கில்லைம்மா. வெளிநாட்டுல ஆஸ்பத்திரிச் செலவு..."

"வாயை மூடுப்பா. நாலு பேரும் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கோம். நோய் இருக்கா, நொடி இருக்கான்னு விசாரணை வேற! முதல்ல இடத்தைக் காலி பண்ணு."

பாவம், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனான்.

"நான் வரச்சொன்ன ஆளை விரட்ட நீ யாருடி?" என்றாள் சூப்பர்வைசர் அக்கா. அவள் வீட்டுக் கூடம்தான் அது.

"எனக்கு இன்னொரு டீ கிடைக்குமா?" என்றாள் வெண்கலம்.

நாலு பேரும் ஒரே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அங்கே வைத்த பட்டப்பெயர்தான் இன்றைக்கும். தொண்டையைத் திறந்தால் கட்டடமே அதிரும் வெண்கலம், ஹெட்போனை மாட்டிக்கொண்டே கண்ணசரும் தூங்குமூஞ்சி, எல்லாரையும் மேய்த்த அக்கா, குரலால் பெயர் வாங்கிய குயில்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததும், "பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். விலகுவதற்குமுன் ஒரு நொடி, அந்தப் பக்கத்துச் சத்தம் காதில் விழும். எங்கேயோ பெய்கிற மழை. ஏதோ ஒரு கடிகார மணி. புரியாத பாஷையில் யாரோ சிரிப்பது.

"ஒருநாள் நாமளும் அந்தச் சத்தத்துக்குள்ள போய் நிக்கணும்டி" என்று முதலில் ஆசையைக் கிளப்பியது குயில்தான்.

அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், மாமியார், டிரான்ஸ்ஃபர். எல்லாம் முடிந்து, இப்போதுதான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

"எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டா இவ" என்று அக்கா முணுமுணுத்தாள். "இவ கஞ்சத்தனத்துக்கு நாம எல்லாரும் பலியா?"

தூங்குமூஞ்சிகூட முழித்துக்கொண்டு தலையாட்டினாள்.

குயிலுக்கோ உள்ளுக்குள் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஆத்திரம்.

போன வருஷம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். யாருக்கும் சொல்லவில்லை. மகள் வீட்டில் இருந்ததாகச் சொல்லிச் சமாளித்தாள். தழும்பு தெரியாமலிருக்கக் கழுத்து ஏறிய ஜாக்கெட். அக்காவுக்குத் தெரிந்தால் போச்சு. யாராவது தும்மினாலே ட்யூட்டியை மாற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பியவள். "நீ ஒண்ணும் வர வேண்டாம்" என்று பயணத்தில் இருந்தே கழற்றிவிடுவாள்.

நாலு பேர் நடுவில் அந்த ஏஜென்ட் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

ஆனால், "தாராளமா போங்க, இன்ஷூரன்ஸ் இல்லாம மட்டும் விமானம் ஏறாதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறாரே. இப்போது அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாளே இந்தப் பாவி!

'எந்த இடத்தில் என்ன பேசுவது என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது' என்று பொருமிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் ஏஜென்டின் ஆபீஸைத் தேடிப் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்கம்மா. உங்களுக்காகத்தான் ஆபீஸையே சீக்கிரம் திறந்தேன்."

"நான் வருவேன்னு உங்களுக்கு யார் தம்பி சொன்னது?"

"நேத்து என்னை விரட்டினாங்களே, அவங்கதான். சாயங்காலமே இங்க வந்துட்டாங்க."

"மறுபடி சண்டைக்கா?"

"அய்யோ, இல்லைம்மா! சட்டையெல்லாம் டீயாச்சேன்னு வருத்தப்பட்டாங்க. முதல் ஆளா தனக்கு ஒரு பாலிசியும் எடுத்துக்கிட்டாங்க."

குயிலுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அப்புறம் ஏன் நேத்து அப்படிக் கத்தினா?"

ஏஜென்ட் தயங்கினான். தலையைச் சொறிந்தான். வாய் மட்டும் நிற்கவில்லை.

"'எல்லாரையும் கூட்டமா உட்கார வச்சு நோயைப் பத்திக் கேட்காதப்பா. மத்த ரெண்டு பேரையும் போன்ல தனித்தனியா கேட்டுக்கோ. ஒருத்தி மட்டும் காலையில நேரா வருவா. இதய ஆபரேஷன் ஆனவங்களுக்கு எந்தப் பாலிசி செல்லும்னு விசாரிச்சு வை'ன்னு சொன்னாங்கம்மா. தான் வந்ததை உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாங்க. நான் ஓட்டைவாய், சொல்லிட்டேன்."

குயிலின் கை தானாக ஜாக்கெட்டின் கழுத்துக்குப் போனது.

"ஆபரேஷன் விஷயம்... அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். உங்க பொண்ணு பயந்துபோய் அவங்களுக்கு மட்டும் போன் பண்ணினாங்களாம். நீங்க உள்ளே நினைவில்லாம இருந்தப்போ, வெளியே பெஞ்சுல உங்க பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது அவங்கதானாம். நீங்க கண்ணு முழிச்சிட்டீங்கன்னு நர்ஸ் வந்து சொன்னதும், உங்க கண்ணுல படாம எழுந்து போயிட்டாங்களாம்."