பரிசத்தன்று ஏறிய பேட்டரி

புயலில் குருபோங் தாமான் குடியிருப்பு முழுக்கக் கரண்ட் இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமலிருக்க முகத்தில் மாஸ்க்கோடு மாட்டும் மெஷினை பேட்டரியில் போட்டு, மதியம் நல்லமுத்து கண்ணயர்ந்தார். எழுந்தபோது, பாதியில் இருந்த பேட்டரி நிறைந்திருந்தது. அவர் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"பரவாயில்லையே!" என்று மகன் வசந்தன் ஃபேனையும் அதிலேயே மாட்டினான். சாயங்காலம் தங்கச்சிக்குப் பரிசம். பந்தல் லைட்டையும் மாட்டினான். "அப்பா, இன்னும் கொஞ்சம் தூங்குங்க லா."

பந்தல் ஜொலித்தது. தட்டு மாற்ற நல்லமுத்துவைக் கூப்பிட்டார்கள். மணப்பெண் பவானேஸ்வரி உள்ளே போய்ப் பார்த்தாள். கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்தது. எலும்பாய்ப் போன ஒரு கை மாஸ்க்கைக் கழற்றப் பார்த்தது.

"தட்ட சித்தப்பா மாத்திக்குவாருப்பா. போட்டோ இன்னும் முடியல," என்று மாஸ்க்கின் வாரை இறுக்கினாள்.

வெளியே விளக்குகள் இன்னும் பிரகாசமாயின.