பத்துத் தடவை

"இந்த வருஷம் ஸ்தமாதிஸை ஆட்டத்துல சேர்த்தே, நாங்க யாரும் சாப்பாட்டுக்கே வர மாட்டோம், வாசோ. சொல்லிட்டேன்."

ஈஸ்டர் ஞாயிறு காலையிலேயே பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. இந்த முதியோர் குடியிருப்பில் கைகால் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் எந்தச் சண்டை வந்தாலும் என்னிடம்தான் வரும்.

கீழ்த்தளத்தில் பதினோரு பேர். விருந்துக்கு முன்னால் ஆளுக்கொரு அவித்த முட்டை, சிவப்புச் சாயம் போட்டது. ஒருவர் முட்டையால் இன்னொருவர் முட்டையைத் தட்ட வேண்டும். முட்டை உடைந்தவர் உட்காரணும், உடையாதவர் அடுத்த ஆளிடம் போகணும். கடைசி வரை தாங்கிய முட்டைக்காரருக்கு வருஷம் பூரா அதிர்ஷ்டம்.

ஐந்து வருஷமாக அந்த அதிர்ஷ்டம் ஸ்தமாதிஸைத் தவிர யாரையும் எட்டிப் பார்க்கவில்லை. மனுஷர் படகுப் பட்டறைத் தச்சர். மரத்தில் முட்டை செதுக்கிச் சாயம் பூசி வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் முட்டையைக் காட்டச் சொன்னதற்கு, "தின்னுட்டேனே" என்றார்.

"இந்தத் தடவை எல்லார் கண் முன்னாலயும் கூடையிலேருந்துதான் எடுக்கணும். போதுமா?" என்று சமாதானம் செய்து அனுப்பினேன்.

என் கவலை வேறு. கலிரோயி அம்மாவுக்கு ஜனவரியில் பக்கவாதம். வலது கையில் உயிர் திரும்பிவிட்டது, மனசில்தான் திரும்பவில்லை. "பத்துத் தடவை தூக்குங்கம்மா, பத்தே பத்துத் தடவை" என்று ரெண்டு மாசமாகக் கூடத்திலேயே வைத்துக் கெஞ்சுகிறேன். "செத்த கை, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் முடிவு சொல்கிறார். தானாகச் சாப்பிட முடியாவிட்டால் மேல்மாடிப் படுக்கை வார்டு. தோட்டத்து அறை போய்விடும். மேல்மாடிக்குப் போனவர்கள் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

கூடை வந்தது. ஸ்தமாதிஸ் கையை விட்டுத் துழாவி, ஒரு முட்டையை எடுத்து கலிரோயி அம்மாவின் முன்னால் வைத்தார்.

"இந்தா, இருக்கறதுலயே சோப்ளாங்கியா பொறுக்கி எடுத்தேன். உன் கைக்கு இது போதும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நல்ல நாளும் அதுவுமா உங்களுக்கு வேற பேச்சே கிடைக்கலியா?" என்றேன்.

"பொய்யா சொன்னேன்? வலது கையால தட்ட முடிஞ்சா வரட்டும். முடியலேன்னா உரிச்சுத் தின்னட்டும்."

கலிரோயி அம்மா துறைமுகத்தில் முப்பது வருஷம் பெட்டிக்கடை வைத்து மாலுமிகளைச் சமாளித்தவர். "யோவ் தச்சா, ஊருக்கெல்லாம் கதவு செஞ்சியே, உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் செஞ்சுக்கத் தெரியலையா?" என்றார்.

சொல்லிவிட்டு, இடது கையால் முட்டையை எடுத்து வலது கைக்குள் திணித்தார். விரல்கள் மூடின. கை நடுங்கிக்கொண்டே ஒரு சாண் எழுந்தது.

"கிறிஸ்து உயிர்த்தார்" என்று, தட்டுவதற்கு முன்னால் சொல்கிற வாழ்த்தைச் சொன்னார்.

"மெய்யாகவே உயிர்த்தார்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் தன் முட்டையை நீட்டினார். டொக். அவருடையது உடைந்தது.

அடுத்தவரும் காலி. மூன்றாவது ஆளும் காலி. மற்றவர்கள் தங்களுக்குள் மோதுவதையே மறந்து, வரிசையாக அவரிடம் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கை இன்னும் கொஞ்சம் மேலே போனது. ஏழாவதோடு மூச்சு வாங்க, கையைக் கீழே போட்டார்.

"அப்பவே சொன்னேன்ல?" என்றார் ஸ்தமாதிஸ்.

எட்டு. ஒன்பது. விருந்துக்கு வந்திருந்த டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

பத்தாவது ஆள் ஸ்தமாதிஸ். கலிரோயி அம்மா கையைத் தோளுக்கு மேலே ஓங்கிப் போட்ட போடில், அவர் முட்டை நொறுங்கி மஞ்சள் கரு சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது.

கூடமே எழுந்து கைதட்டியது. "அஞ்சு வருஷத் திருட்டுச் சாயம் இன்னிக்கு வெளுத்துப் போச்சு" என்று காலையில் பஞ்சாயத்து வைத்தவர் ஆடாத குறை. டாக்டர் என்னிடம், "செவ்வாய்க்கிழமை பார்க்க ஒண்ணுமில்லை. அந்த ரூம் அவங்களுக்குத்தான்" என்றார். கலிரோயி அம்மா வலது கையால் முள்கரண்டியைப் பிடித்து ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"ஜெயிச்ச முட்டை. என் ரூம்ல மாதா படத்துக்கு முன்னால வை" என்று என்னிடம் கொடுத்தார்.

வாங்கியதுமே சந்தேகம் வந்தது. நடையில் போய்ச் சுவரில் தட்டிப் பார்த்தேன். கீறல்கூட விழவில்லை. சுத்தமான மரம்.

ஸ்தமாதிஸ் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நல்ல வார்த்தை சொல்ல ஒருத்தர் இல்லை. முட்டையை அவர் முன்னால் நீட்டினேன்.

"மறைச்சு வைம்மா, அவ பார்த்துடப் போறா" என்றார்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"பத்துத் தடவை, பத்துத் தடவைன்னு நீதானே ரெண்டு மாசமா கெஞ்சினே? கோழி போட்ட முட்டை அத்தனை தடவை தாங்காதேம்மா."